தோற்றதையும் எழுதி வைத்த மருத்துவர்

2004-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: ஸ்டீவன் ரோசன்பெர்க், ஜேம்ஸ் யாங், நிக்கோலஸ் ரெஸ்டிஃபோ. மூவரும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். புற்றுநோய் ஏற்கெனவே பரவிவிட்டவர்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுவதற்காகப் போடப்படும் தடுப்பூசிகள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று அதில் கணக்குப் பார்த்திருந்தார்கள். அவர்களே தங்கள் மருத்துவமனையில் 440 நோயாளிகளுக்கு இந்த ஊசிகளைப் போட்டிருந்தார்கள். கட்டி சுருங்கியது 2.6 சதவீதம் பேருக்கு.

நோயெதிர்ப்பியல் படிக்க வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் கட்டுரை இதுதான். ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரியவர் என்று தெரிந்துகொள்ள, அவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதே இப்போது பழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கிலும் ரோசன்பெர்க் குறைந்தவர் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். 1980களிலும் 90களிலும் புற்றுநோய் மருத்துவத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட மருத்துவர்களில் முன்வரிசையில் இருந்தவர். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து அவருடைய தாக்கம் என்ன என்று யாராலும் புரிந்துகொள்ள முடியாது. அவர் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பின்தொடர்ந்து போக வேண்டும். அதிலும் முக்கியமாக, அவர் தோற்றதை எழுதி வைத்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய கதை 1968-இல் தொடங்குகிறது. அப்போது அவர் பாஸ்டனில் வெஸ்ட் ராக்ஸ்பரி முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பயிற்சி மருத்துவர், வயது 28. பித்தப்பை வலி என்று ஒருவர் வருகிறார். பழைய கோப்பைப் புரட்டினால், 12 ஆண்டுகளுக்கு முன்பு அதே மருத்துவமனையில் அவருக்கு வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்ததால் முழுவதும் எடுக்க முடியாமல், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் இறக்கவில்லை. இப்போது பித்தப்பையை எடுக்க வயிற்றைத் திறந்த ரோசன்பெர்க், கல்லீரலைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் போயிருக்கிறது.

அடுத்து அவர் செய்ததை இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அவ்வளவு சுலபத்தில் அனுமதிக்காது. அந்த நோயாளியின் ரத்தத்தை வாங்கி, வயிற்றுப் புற்றுநோயோடு இருந்த வேறொருவருக்கு ஏற்றினார். ஒரு பலனும் இல்லை. இப்போது யோசித்தால் பலன் இருந்திருக்க வாய்ப்பே கிடையாது என்று நமக்குத் தெரியும். ஆனால், ஒருவரின் எதிர்ப்புச் செல்களை எடுத்துச் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் ரோசன்பெர்க்கின் தலையில் அன்றைக்கே விழுந்துவிட்டது. 1974 ஜூலையில், பயிற்சி முடிந்த கையோடு, பெதஸ்டாவில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவராகப் போனார். வயது 33. அதற்குப் பிறகு அவர் வேறு எங்கும் போகவில்லை.

அங்கே ஒரு வசதி இருந்தது. ஆராய்ச்சிக் கூடமும் நோயாளிப் படுக்கையும் ஒரே கட்டடத்தில். சிகிச்சைக்கு நோயாளிகள் பணம் கட்ட வேண்டியதில்லை. காலையில் அறுவை அரங்கில் எடுத்த கட்டி அன்றைக்கே தாழ்வாரத்தைக் கடந்து ஆய்வகத்துக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு இல்லாமல் அவர் செய்ததில் பாதி நடந்திருக்காது.

1970களின் நடுப்பகுதி வரை ஒரு பெரிய தடை இருந்தது: நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கத் தெரியாது. எடுத்து வைத்தால் சில நாட்களில் செத்துப்போகும். 1976-இல் ராபர்ட் காலோவின் ஆய்வகத்தில் டி செல்களை வளர வைக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் அதற்கு இன்டர்லூகின்-2 என்று பெயர் வந்தது, சுருக்கமாக ஐஎல்-2. 1983-இல் ஜப்பானில் தடட்சுகு தனிகுச்சி அதன் மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அப்புறம் பாக்டீரியாவை வைத்தே அதை வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தது.

ரோசன்பெர்க் அதை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். தனியாக ஐஎல்-2, தனியாகச் செல்கள் என்று மாற்றி மாற்றி. அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள், ஒருவருக்கும் பயனில்லை. எல்லோரும் வேறு வழியே இல்லாமல் வந்தவர்கள், எல்லோரும் இறந்தார்கள். 1984 நவம்பரில், கடற்படையில் பணியாற்றிய ஒரு பெண்ணுக்கு உடல் முழுக்க மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவியிருந்த நிலையில் ஐஎல்-2-ஐ மிக அதிக அளவில் கொடுத்தார்கள். அவருடைய கட்டிகள் கரைந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அவர் உயிரோடு இருந்தார்.

1985 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முதல் 25 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. 11 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது, ஒருவருக்கு முழுவதும் மறைந்திருந்தது. பத்திரிகைகள் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற தொனியில் எழுதித் தள்ளின. மறு ஆண்டே மேயோ கிளினிக்கின் சார்ல்ஸ் மோர்ட்டல் ஜாமா இதழில் மிகக் கடுமையான தலையங்கம் ஒன்று எழுதினார். இவ்வளவு நச்சுத்தன்மை, இவ்வளவு செலவு, இவ்வளவு குறைந்த பயன் என்பது அவர் வாதம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஐஎல்-2 அதிக அளவில் போனால் ரத்த நுண்குழாய்கள் ஒழுகத் தொடங்கும். நீர் திசுக்களில் தேங்கும், ரத்த அழுத்தம் விழும், சில நாட்களிலேயே உடல் எடை கிலோ கிலோவாக ஏறும், நுரையீரலில் நீர் கோத்தால் செயற்கைச் சுவாசம் வேண்டியிருக்கும். ஆரம்ப நாட்களில் சிகிச்சையாலேயே இறந்தவர்களும் உண்டு.

இருந்தாலும் ஒரு விஷயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. பிற்பாடு 270 மெலனோமா நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது, 16 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது, 6 சதவீதம் பேருக்கு முழுவதும் மறைந்திருந்தது. அப்படி முழுவதும் மறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவே இல்லை. கீமோதெரபியில் அப்படி ஒன்று பரவிய மெலனோமாவில் அநேகமாகப் பார்த்ததே கிடையாது. ஐஎல்-2 கட்டியை நேரடியாகத் தொடுவதில்லை. டி செல்கள் போன்ற எதிர்ப்புச் செல்களைத் தூண்டிப் பெருக்குவதுதான் அதன் வேலை. அப்படியென்றால் மனித உடலின் எதிர்ப்புச் செல்களுக்குப் பரவிய புற்றுநோயை ஒழிக்கும் திறன் இருக்கிறது. அதுவரை அது நம்பிக்கை, அதற்குப் பிறகு அது தகவல். 1992-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் 1998-இல் மெலனோமாவுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஐஎல்-2-க்கு அனுமதி கொடுத்தது.

இனி டில் என்கிற முறை. என்னைக் கேட்டால் அவர் வேலையின் மையம் இதுதான். கட்டிக்குள் ஏற்கெனவே புகுந்து உட்கார்ந்திருக்கும் டி செல்களை எடுத்து வளர்ப்பது. கட்டியை வெட்டி எடுத்துக் கத்தியால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குவார்கள். 24 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஒரு குழிக்கு ஒரு துண்டு. மேலே ஐஎல்-2 கலந்த ஊட்டநீர். சில நாட்களில் துண்டிலிருந்து சின்னச் சின்ன உருண்டைச் செல்கள் வெளியே வந்து தட்டின் அடியில் படரும். கூடவே, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் ஒவ்வொரு குழியாகக் காணாமல் போகும். இரண்டு மூன்று வாரத்தில் சில குழிகளில் டி செல்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். எந்தக் குழியின் செல்கள் நோயாளியின் கட்டியை அடையாளம் காண்கின்றன என்று சோதித்து, அவற்றை மட்டும் ஆயிரக்கணக்கான கோடிகளாகப் பெருக்கித் திரும்ப ஏற்றுவார்கள்.

1988-இல் முதல் 20 மெலனோமா நோயாளிகளில் 11 பேருக்குப் பலன் கிடைத்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. ஏற்றிய செல்கள் என்ன ஆகின்றன என்று தெரிந்துகொள்ள, 1989-இல் ஃப்ரெஞ்ச் ஆண்டர்சன், மைக்கேல் பிளேஸ் ஆகியோருடன் சேர்ந்து, அந்தச் செல்களுக்குள் அடையாளத்துக்காக ஒரு பாக்டீரிய மரபணுவைப் புகுத்தி நோயாளிகளுக்குக் கொடுத்தார். அனுமதி பெற்று மனிதருக்குள் வெளி மரபணு ஒன்றைச் செலுத்திய முதல் சோதனை அது. மரபணுச் சிகிச்சையின் வரலாற்றில் இதற்குத் தனி அத்தியாயம் உண்டு, ஆனால் ரோசன்பெர்க்குக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கேள்விக்கான பதில்: என் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா? சில வாரங்களில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகின்றன என்பது தெரிந்தது.

அந்தத் தோல்வியைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆயின. 2002-இல் சயன்ஸ் இதழில் மார்க் டட்லியும் அவரும் வெளியிட்ட கட்டுரையில் வழி இருந்தது. செல்களை ஏற்றுவதற்கு முன்பு இரண்டு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐந்து நாள் ஃப்ளூடராபின் கொடுத்து, நோயாளியின் உடலில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளையணுக்களைத் துடைத்துவிடுவது. எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் போய்விடும்; ஐஎல்-7, ஐஎல்-15 போன்ற வளர்ச்சிப் பொருள்களுக்குப் போட்டி இருக்காது; புதிதாக வரும் செல்களுக்கு இடம் கிடைக்கும். 13 பேரில் 6 பேருக்குக் கட்டி சுருங்கியது. சிலருக்கு ஏற்றிய செல்களே ரத்தத்தில் பெரும் பங்காக மாதக்கணக்கில் நிலைத்திருந்தன. 2011-இல் 93 நோயாளிகளின் கணக்கு வந்தபோது, 20 பேருக்குக் கட்டி முழுவதும் மறைந்திருந்தது. அந்த 20 பேரில் 19 பேருக்கு மூன்று ஆண்டுகள் கடந்தும் திரும்பவில்லை.

இன்றைக்கு உலகில் எந்த மூலையில் ஒருவர் கார்-டி சிகிச்சை (டி செல்களின் மரபணுவை மாற்றி, புற்றுநோயைத் தேடிப் பிடிக்க வைத்து ஏற்றுவது) எடுத்துக்கொண்டாலும், செல்களை ஏற்றுவதற்கு முந்தைய வாரத்தில் பெரும்பாலும் இதே இரண்டு மருந்துகளைத்தான் கொடுக்கிறார்கள். இப்போதெல்லாம் அந்த 2002 கட்டுரையை மேற்கோள் காட்டக்கூட மறந்துவிடுகிறார்கள். அது வழக்கமான நடைமுறை ஆகிவிட்டது. கணக்கில் வராத தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கார்-டி கதையிலும் அவர் ஆய்வகம் ஒரு சந்திப்பு. 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஸெலிக் எஷார், ஒரு ஆன்டிபாடியின் முனையை, டி செல் இலக்கை அடையாளம் காண உதவும் ஏற்பியோடு ஒட்டவைக்க முடியும் என்று காட்டினார். 1990களின் தொடக்கத்தில் அவர் பெதஸ்டாவுக்கு வந்து ரோசன்பெர்க்கின் ஆய்வகத்தில் பாட்ரிக் ஹூ போன்றவர்களோடு வேலை செய்தார். 2010-இல் ஜேம்ஸ் கோச்சென்டர்ஃபரும் ரோசன்பெர்க்கும் சிடி19 என்ற புரதத்தைக் குறிவைத்த கார்-டி செல்களால் ஒரு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளியின் கட்டிகள் சுருங்கியதை அறிவித்தார்கள். அதே சமயத்தில் பென்சில்வேனியாவில் கார்ல் ஜூன், நியூயார்க்கில் மிஷேல் சாடலேன் ஆகியோரும் தங்கள் வழியில் வந்துகொண்டிருந்தார்கள். பெருமை அவர்களுக்கும் சேர வேண்டும். ரோசன்பெர்க்கிடம் பயின்ற ஏரி பெல்டெக்ரன் தொடங்கிய கைட் நிறுவனம் 2012-இல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அந்தச் செல்களை மருந்தாக்கியது. 2017 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. எல்லா மருந்தும் தோற்றுப்போன லிம்ஃபோமா நோயாளிகள் 101 பேரில் 82 சதவீதம் பேருக்கு அதில் பலன் தெரிந்தது.

சரி, இந்த வெற்றிகளைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். 2010-இல் வந்த இன்னொரு கட்டுரைக்கு வருகிறேன். அதைப் படிப்பது எனக்கு இன்றும் கஷ்டம். ஹெர்2 என்ற புரதத்தைக் குறிவைத்து ஒரு கார்-டி செல் தயாரித்தார்கள். குடல் புற்றுநோய் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிய ஒரு பெண்ணுக்கு 1,000 கோடி செல்களை ஏற்றினார்கள். 15 நிமிடத்தில் மூச்சுத் திணறல். ஐந்து நாளில் இறந்துவிட்டார். நுரையீரலின் சாதாரணச் செல்களிலும் அந்தப் புரதம் கொஞ்சூண்டு இருந்தது. ஏற்றிய செல்கள் போன வேகத்தில் அங்கேதான் முதலில் போய் நின்றன.

கட்டுரையில் எல்லாம் இருக்கிறது. எத்தனை செல்கள், எத்தனை நிமிடம், ரத்தத்தில் எந்தெந்த சைட்டோகைன் (எதிர்ப்புச் செல்கள் விடும் சமிக்ஞைப் புரதம்) எவ்வளவு ஏறியது, பிரேதப் பரிசோதனையில் எந்த உறுப்பில் எவ்வளவு செல்கள் கிடைத்தன, அடுத்தவர் எதை மாற்ற வேண்டும். ஒரு நிறுவனம் இதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு சோதனையை அமைதியாக மூடியிருக்கலாம். எழுதியதால், கட்டியில் இருக்கும் புரதம் நல்ல திசுவில் துளி இருந்தாலும் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பிறகு ஹெர்2-ஐத் தொட்டவர்கள் மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள். இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் பல ஆய்வுகளுக்குப் பின்னால், யாரோ ஒரு நோயாளிக்கு அளவு குறைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் கட்டுரையில் இல்லை. அவருக்கு இந்தத் துறை பட்டிருக்கும் கடன் பெரியது.

2004 கட்டுரையும் இதே ரகம். அந்தக் காலத்தில் தடுப்பூசி ஆய்வுகளில், ரத்தத்தில் டி செல்கள் கூடிவிட்டால் அதையே வெற்றி என்று எழுதுவார்கள். ரோசன்பெர்க் குழுவே கண்டுபிடித்த ஜிபி100 என்ற புரதத்தின் துண்டை ஊசியாகப் போட்டபோது, சில நோயாளிகளின் ரத்தத்தில் அதை எதிர்க்கும் செல்கள் ஏராளமாகப் பெருகின. கட்டியும் கூடவே வளர்ந்தது. கட்டி சுருங்கியதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று 2004-இல் அவர்கள் கேட்டது தங்கள் சொந்த உழைப்பையும் சேர்த்துத்தான். தடுப்பூசியை நம்பியிருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் செல்களைப் பெருக்குவது மட்டும் போதாது, அவற்றைக் கட்டிக்குள் கட்டிப்போட்டு வைத்திருப்பது எது என்று தேட வேண்டும் என்ற பக்கம் பலருடைய கவனம் திரும்ப அதுவும் ஒரு காரணம்.

ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு வாங்கியது அந்தப் பக்கத்து வேலைக்கு. டி செல்லின் பிரேக்கை விடுவிப்பது என்று பத்திரிகைகள் எழுதுமே, அது. ரோசன்பெர்க் அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் குறையாக நான் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கதையிலும் அவர் ஆய்வகத்தின் தடம் இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆலிசனின் இபிலிமுமாப் என்ற ஆன்டிபாடியை 2003-இல் 14 மெலனோமா நோயாளிகளுக்குக் கொடுத்து, கட்டி சுருங்குவதையும் கூடவே உடல் தன் திசுக்களையே தாக்குவதையும் விவரமாக எழுதியது பெதஸ்டா குழு. 2010-இல் அதே மருந்து மெலனோமா நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கிறது என்று நிரூபித்த பெரிய சோதனையில், ஒப்பிடுவதற்காக எதிரே வைக்கப்பட்டது ஜிபி100 தடுப்பூசி. 2012-இல், இன்னொரு பிரேக்கான பிடி-1-ஐ விடுவிக்கும் மருந்தின் முதல் பெரிய அறிக்கையை முன்னின்று எழுதிய சூசன் டோபாலியன், 1980களிலிருந்து இரண்டு பத்தாண்டுகள் ரோசன்பெர்க்கின் பிரிவில் டில் செல்களோடு வேலை செய்தவர்.

டில் முறையைப் பற்றி நீண்ட காலம் ஒரு குறை சொல்லப்பட்டது: பெதஸ்டாவில் மட்டும்தான் நடக்கிறது, மற்றவர்களால் செய்ய முடியுமா? ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஹானன் குழு டென்மார்க் மருத்துவர்களோடு சேர்ந்து 168 மெலனோமா நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டில், மறு பாதிக்கு இபிலிமுமாப் கொடுத்தது. 2022 டிசம்பரில் முடிவு வந்தது. கட்டி சுருங்கியவர்கள் டில்லில் 49 சதவீதம், மற்றதில் 21. நோய் முன்னேறாமல் நின்ற காலம் 7.2 மாதம், மற்றதில் 3.1. 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ முதல் டில் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. 1988-இல் 20 பேரோடு தொடங்கியது, 36 ஆண்டுகள் கழித்து.

ஆனால் மெலனோமா ஒரு விதிவிலக்கு. அதில் மரபணு மாற்றங்கள் ஏராளம், அதனால் டி செல்களின் கண்ணில் படுகிறது. குடல், கணையம், மார்பு என்று பெரும்பாலோரைக் கொல்லும் புற்றுநோய்களில் என்ன செய்வது? 2016-இல் எரிக் ட்ரானும் ரோசன்பெர்க்கும் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதியதை இங்கே சொல்ல வேண்டும். குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, ஏழு கட்டிகளோடு இருந்த 50 வயதுப் பெண். அவருடைய டி செல்களில் ஒரு பகுதி, கேராஸ் என்ற மரபணுவில் வரும் ஜி12டி மாற்றத்தை அடையாளம் கண்டது. மருந்தே எட்டாது என்று நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த மாற்றம் அது. சுமார் 14,800 கோடி செல்களை ஏற்றினார்கள். ஏழு கட்டிகளும் சுருங்கின. ஒன்பது மாதம் கழித்து அவற்றில் ஒன்று மட்டும் மறுபடி வளர்ந்தது. அதை வெட்டி எடுத்து மரபணுவைப் படித்தார்கள். டி செல்லுக்கு அந்த மாற்றத்தை எடுத்துக் காட்டும் எச்எல்ஏ-சி*08:02 என்ற புரதத்தின் மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் கட்டி, அந்தக் குரோமோசோமின் குறிப்பிட்ட பிரதியையே தொலைத்திருந்தது. டி செல்கள் அங்கே இருந்தும் அவற்றின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தப்பிய ஒரு கட்டியை இவ்வளவு தூரம் துருவிப் பார்த்ததால்தான், அந்தச் செல்கள் உண்மையிலேயே கேராஸ் மாற்றத்தைத்தான் தாக்கின என்பதும் சந்தேகமில்லாமல் உறுதியானது.

ட்ரான் பிறகு போர்ட்லண்டில் இருக்கும் ப்ராவிடன்ஸ் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போனார். 2022-இல் அங்கிருந்து ரோம் லைட்னர் முதலானவர்களோடு அவர் வெளியிட்ட கட்டுரையில், கணையப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய 71 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். அதே ஜி12டி மாற்றம், அதே எச்எல்ஏ-சி*08:02. பெதஸ்டா நோயாளியின் டி செல்களிலிருந்து தெரிந்துகொண்ட ஏற்பிகளின் மரபணுவை இந்தப் பெண்ணின் செல்களில் புகுத்தி, ஒரே ஒரு முறை ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் கட்டிகள் 72 சதவீதம் சுருங்கியிருந்தன. இந்த இரண்டு பொருத்தமும் அமையும் நோயாளிகள் கொஞ்சம் பேர்தான். அதனால் கேராஸ், பி53 என்ற மரபணுக்கள் இரண்டிலும் அடிக்கடி வரும் மாற்றங்களுக்கும் வெவ்வேறு எச்எல்ஏ வகைகளுக்கும் பொருந்தும் ஏற்பிகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறார்கள்.